ஒரு மணி, ஐந்து வேகம்

ஸ்ட்ரிங்ஸுக்குப் பார்ட் எழுதிப் பிழைப்பவனிடம் பிடித்த ஆர்கெஸ்ட்ரேஷன் எது என்று கேட்பவர்கள், ராவெல் என்றோ ஸ்ட்ராவின்ஸ்கி என்றோ பதில் வரும் என்று காத்திருப்பார்கள். நான் சொல்வது எஸ்தோனியாக்காரர் ஆர்வோ பேர்ட் 1977இல் எழுதிய ‘கான்டஸ்’. 1976 டிசம்பரில் இறந்துபோன ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக எழுதியது. வில் வாத்தியங்கள், ஒரே ஒரு மணி, ஆறேழு நிமிடம். புல்லாங்குழல் கிடையாது, ஹார்ன் கிடையாது. இதில் ஆர்கெஸ்ட்ரேஷன் எங்கே இருக்கிறது என்று தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

மெட்டு என்று பார்த்தால் ஏ மைனரின் இறங்குவரிசை மட்டும். நம் கணக்கில் நடபைரவியின் அவரோகணம். முதலில் ஏ. பிறகு ஏ, ஜி. பிறகு ஏ, ஜி, எஃப். ஒவ்வொரு முறையும் மேலே போய்த் தொடங்கி ஒரு படி கூடுதலாக இறங்கும், நெடில் குறில், நெடில் குறில் என்று. முதல் வயலின்கள் தொடங்குகின்றன. இரண்டாம் வயலின்கள் ஒரு ஸ்தாயி கீழே, அதே மெட்டைப் பாதி வேகத்தில் எடுக்கின்றன. வயோலா அதிலும் பாதி, செல்லோ அதிலும் பாதி. டபுள் பாஸுக்கு வரும்போது முதல் வயலினின் வேகத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். வர்ணத்தை முதல் காலம், இரண்டாம் காலம் என்று பாடிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுகிறோம். இங்கே ஐந்து காலங்களும் ஒன்றாக ஓடுகின்றன.

எந்தக் காலம் எந்த வாத்தியத்துக்கு என்பதில்தான் கைத்திறன். முதல் வயலினின் நெடில் 2 அடி என்றால் பாஸின் நெடில் 32 அடி. நிமிடத்துக்குச் சுமார் 112 அடி என்று வைத்தால் ஒரே சுரத்தில் ஏறக்குறைய 17 வினாடி. போகப்போக இசை உச்ச சத்தத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். கெட்டியான பாஸ் கம்பியை அந்தச் சத்தத்தில் அவ்வளவு நேரம் ஒரே வில்லில் இழுக்க எந்தக் கையாலும் முடியாது. வாசிப்பவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் வில்லைத் திருப்ப வேண்டும்; ஒருவர் திருப்பும்போது பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்பவருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. ஆனால் அந்தச் சுரத்துக்குள் ஓர் அசைவு இருப்பது தெரியும். சாம்ப்ளரில் இதே பார்ட்டைப் போட்டால் சுரம் இருக்கும், அந்த அசைவு இருக்காது.

இன்னொன்று. வயோலா தவிர ஒவ்வொரு பிரிவையும் இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு பாதி அவரோகணத்தில் இறங்க, மறு பாதி ஏ, சி, ஈ ஆகிய மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. அதனால் ஜியும் ஏயும், எஃப்பும் ஈயும் உரசிக்கொண்டே போகின்றன. மூன்று சுரக்காரர்களை நான் மரக்காற்று வாத்தியங்களுக்கு மாற்றி எழுதியிருந்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்டிருக்கும், உரசல் போயிருக்கும். வயலினோடு வயலினே மோதுவதால்தான் அது ஒரே ஒலியின் உள்காயமாகப் படுகிறது. வயோலாவை மட்டும் ஏன் பிரிக்காமல் விட்டார்? நடுவில் கொஞ்சம் காற்று இல்லாவிட்டால் மேலும் கீழும் ஒட்டிப்போகும் என்பது என் ஊகம். எங்கள் தொழிலில் கூலி கேட்டு வாங்குவது எழுதியதற்கு. எழுதாமல் விட்டதற்கு யாரும் தருவதில்லை.

இனி மணி. ஏ சுருதியில் விட்டுவிட்டு ஒலிக்கும் குழாய் மணி. வில் வாத்தியத்தால் சத்தமில்லாமல் நுழைய முடியும். மணியால் முடியாது, அடி விழுந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பிரிவும் தன் கடைசிச் சுரத்தை அடைந்து அங்கேயே நிற்க, எல்லாம் சேர்ந்து ஏ மைனர் கார்டாக, முழுச் சத்தத்தில் நீள்கிறது. அதற்கு நடுவில் மணியை ஒருமுறை மெல்ல அடிக்கச் சொல்கிறார். அடி யாருக்கும் கேட்காது. ஸ்ட்ரிங்ஸ் சட்டென்று நிற்கும்போது மணியின் கார்வை மட்டும் அங்கே இருக்கிறது. அதன் உபசுருதிகளில் சி ஷார்ப் வருகிறது. அதுவரை முழுக்க சாதாரண காந்தாரம். இப்போது யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம். தம்புராவில் யாரும் மீட்டாமலே அந்தக் காந்தாரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேர்ட் எஸ்தோனிய வானொலியில் பல ஆண்டுகள் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். நாடாவில் ஒரு மணியொலியின் தலையை வெட்டிவிட்டால் வால் எவ்வளவு விநோதமாகக் கேட்கும் என்று அந்த அறையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். கத்தரிக்கோலின் வேலையை இங்கே ஒரு முழு ஸ்ட்ரிங்ஸ் குழு செய்கிறது.

கண்டக்டர்களில் சிலர் இந்த இசையை நடுவிலேயே பிழிந்து அழ வைக்கப் பார்க்கிறார்கள். தேவையே இல்லை. ஒவ்வொரு பிரிவும் நுழையும்போது கனம் தானாகவே ஏறுகிறது. ஸ்கோரில் உள்ள சத்தக் குறிகளை அப்படியே பின்பற்றினால் போதும். எனக்குப் பிடித்தது 1984இல் ஈசிஎம் வெளியிட்ட ‘தபுலா ராசா’ தட்டில் டென்னிஸ் ரஸல் டேவிஸ் ஸ்டுட்கார்ட் குழுவை நடத்திய பதிவு. எதிரொலி மிகுந்த தேவாலயப் பதிவுகள் பலருக்கு உயர்வாகப் படுகின்றன. அவற்றில் பாஸ் எந்த இடத்தில் நுழைகிறது என்று எனக்குப் பிடிபடுவதில்லை. அது தெரியாவிட்டால் ஐந்து காலம் நான்காகிவிடுகிறது.