முத்துக்குப் பின் நெருப்பில்லை

லண்டனில் நகை வியாபாரத்துக்குப் பிரசித்தி பெற்ற ஹாட்டன் கார்டன் வீதியில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைரங்கள் ஜாஜ்வல்யமாய் மின்ன, அந்தக் கடைகளுக்கு மேலே குறுகிய மாடிப்படிகளின் முடிவில் இருக்கும் பட்டறைகளை வீதியில் நடப்போர் நினைப்பதாகத் தெரியவில்லை. அவற்றுள் ஒன்றில், பழைய நகைகளைச் செப்பனிடுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு முதிய பொற்கொல்லர், 1960-களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட ஒரு தங்க புரூச்சைப் பிரித்துப் பூட்டுவதை அருகிருந்து பார்த்தேன்.

நம் கண்கள் நகையில் தேடும் மெருகும் ஒழுங்கும் அதில் இல்லை. மரப்பட்டைபோல் சொரசொரத்த 18 காரட் தங்கக் குச்சிகள் நானா திசைகளிலும் நீள, நடுவே கோணல்மாணலான நீளமுத்துக்கள். குச்சிகளின் நுனியில் பொடி வைரங்கள். 1961-இல் லண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் நடந்த நவீன நகைகளின் சர்வதேசக் கண்காட்சியை ஒட்டிப் பரவிய பாணி இது. இதில் பெரும்புகழ் பெற்ற ஆண்ட்ரூ கிரீமா, பொறியியல் பயின்று, யுத்த காலத்தில் பர்மாவில் பணிபுரிந்தவரேயன்றி, பட்டறையில் தொழில் பழகியவர் அல்லர். அவர் கற்பனையைப் பொன்னாக்கியவை பிறர் கைகள். அவர்கள் பெயர்களை எந்த முத்திரையும் சொல்வதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகளைப் போலவே இவர்களும் பல நகைகளுக்கு மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தார்கள்.

முத்துக்கள் ஜப்பானின் பீவா ஏரியைச் சேர்ந்தவை. கடல்முத்து வளர்ப்போர் சிப்பிக்குள் உருண்டை மணியை வைப்பார்கள். பீவாவிலோ பெரும்பாலும் வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கை மட்டுமே செருகினார்கள். வழிகாட்ட மணியில்லாத முத்து தன்னிச்சையாக வளர்ந்தது. அந்தக் கோணலையே விசேஷ லட்சணமாகக் கொண்டாடிய காலம் அது.

முறிந்த ஊசியைப் பற்றவைக்கு முன், பெரியவர் பசையை இளக்கி முத்துக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பாதியளவே துளையிட்ட முத்து, தங்க முளையொன்றில் பசையால் நிற்கிறது. நெருப்புப் பட்டால் கருகும், பற்றவைத்த தங்கத்தைச் சுத்தம் செய்யும் அமிலம் பட்டால் கரையும். வைரம் அவ்வளவு மென்மையல்ல. ஆயினும் போரிக் அமிலக் குழம்பு பூசாமல் சுட்டால் அதன் முகமும் மங்கிவிடும். “முத்து ஏறிய பிறகு ஊதுகுழலைத் தொடக் கூடாது. அவசரக்காரர்கள் கெடுத்த நகைகள்தாம் எனக்குச் சோறு போடுகின்றன” என்றார்.

காணாமற்போன ஒரு முத்துக்கு ஈடு தேடுவதில்தான் நேரம் கழிந்தது. ஏரி நீர் மாசுபட்டு, 1970-களுக்குப் பின் பீவாவின் உற்பத்தி நசித்துப்போகவே, தட்டில் கிடந்தவற்றுள் பெரும்பாலானவை சீன முத்துக்கள். நிறம் பொருந்தினால் வளைவு பொருந்தவில்லை. தங்கத்தைப் பளபளவென்று தேய்த்துத் தரும்படி உரிமையாளர் கேட்டிருந்தாராம். சொரசொரப்பு போய்விட்டால் அந்த நகையில் என்ன மிஞ்சும்? பெரியவர் பொட்டலத்தின் மீது “மெருகு இல்லை” என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடுகள் இழுத்தார்.