பெயர்ப் பட்டியலுக்குப் பின்

2025ஆம் ஆண்டு மே மாதம், அரியாங்குப்பத்தில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்காக இரு மாலைகளில் இரண்டு கார்ட்டூன் படங்களைத் திரையிட்டோம். முதலாவது, டிஸ்னி-பிக்சார் 2024இல் வெளியிட்ட 'இன்சைட் அவுட் 2'. ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவில் உருவாகி, 160 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படம். மற்றது, அதே ஆண்டில் லாத்வியா நாட்டு இளைஞர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ'. ஏறத்தாழ 35 இலட்சம் யூரோ செலவில், 'பிளெண்டர்' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு உருவானது. 2025 மார்ச்சில் ஆஸ்கர் விருதுக்கு இரண்டும் போட்டியிட, எளியதே வென்றது.

முதல் மாலை பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினர். இரண்டாம் மாலை எவரும் எழவில்லை. 'ஃப்ளோ'வில் ஒரு சொல்கூடப் பேச்சில்லை. உலகை வெள்ளம் மூட, ஒரு பூனையும் வேறு சில விலங்குகளும் ஒரே படகில் ஒதுங்குகின்றன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 48 செ.மீ. மழையைக் கண்ட புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு அவ்வெள்ளம் கதையாகத் தோன்றவில்லை. இறுதியில் நீர் வடிகிறது. ஆனால் பூனையை முன்பு காத்த திமிங்கலம் போன்ற பேருயிர் தரையில் கிடந்து தவிக்கிறது.

பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் கருவியை அணைத்தோம். ஒரு சிறுமி கேட்டாள்: "வெள்ளம் வடிஞ்சது நல்லதுதானே ஃபாதர்? அப்போ திமிங்கலம் மட்டும் ஏன் சாகணும்?" "அது பிழைத்துக்கொள்ளும் அம்மா" என்றோம். அவள் நம்பவில்லை.

அன்றிரவு பழைய நிகழ்வொன்று நினைவுக்கு வந்தது. நம் குருத்துவத்தின் தொடக்க ஆண்டுகளில், கடலோரப் பங்கொன்றில், கடலுக்குச் சென்று திரும்பாத இளைஞனுக்காகத் திருப்பலி நிறைவேற்றினோம். உடல்கூடக் கிடைக்கவில்லை. உயிர்ப்பைப் பற்றி உருக்கமாக மறையுரை ஆற்றியதாக நினைத்திருந்தோம். தாய் மட்டும் சொன்னார்: "சாமி, நீங்க ஞாயித்துக்கிழமைக்குப் போயிட்டீங்க. நான் இன்னும் பெரிய வெள்ளிக்கிழமையிலதான் இருக்கேன்."

மறுநாள் ஒரு சிறுவன் வந்து, பட்டியல் முடிந்தபின் திமிங்கலம் கடலில் நீந்தும் காட்சி உண்டு என்றான். சிறுமி மகிழ்ந்தாள். நமக்கோ குருமடத்தில் கற்ற மாற்கு நற்செய்தி நினைவில் எழுந்தது. தொன்மையான கையெழுத்துப் படிகள் சில, பெண்கள் அஞ்சி ஓடி, யாரிடமும் எதுவும் சொல்லாத இடத்திலேயே முடிகின்றன. உயிர்த்தவர் தோன்றும் பகுதி பின்னர் சேர்ந்தது என்பர் அறிஞர். திருச்சபை அதனையும் இறைவார்த்தையாகவே ஏற்றது. பெண்களின் அச்சத்தையோ நீக்கிவிடவில்லை.

திரைப்படத்தின் முடிவையும் இவ்வாறே எடைபோடலாம் எனத் தோன்றுகிறது. மகிழ்வாய் முடிவது பொய்யும் அன்று. துயரில் முடிவதே மெய்யும் அன்று. துயரின் ஊடே நடந்து வந்ததா, அதனைத் தாண்டிக் குதித்ததா என்பதே வினா. செலவின் அளவு இதனைத் தீர்மானிப்பதில்லை. பெருநிறுவனத்தின் அப்படமும், நாயகி அணியில் தேர்வானாளா என்பதை வெளிப்படையாகச் சொல்லாமலே முடிகிறது.

அச்சிறுமியை அழைத்து, "நேற்று நாம் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டோம்" என்றோம். மீண்டும் படத்தைத் திரையிட்டோம். பெயர்கள் ஓடும்வரை, இருளில், எவரும் பேசாமல் காத்திருந்தோம். அத்தாயின் அருகிலும் அன்று அவ்வாறு அமர்ந்திருக்கலாம்.