வசந்தகாலப் பனியில் ஒரு நாள்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பம்தான். சில மாதங்களில் மழை கூடும். சில மாதங்களில் குறையும். அதனால், ‘பருவம்’ என்ற சொல்லை நாம் நூல்களில் படித்து அறிந்த அளவுக்கு உடலால் உணர்ந்து அறிந்ததில்லை. ஒரு பருவம் விடைபெறுவதையும் மற்றொரு பருவம் உள்ளே நுழைவதையும் நான் முதன்முதலில் கண்கூடாகக் கண்டது, ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவில்தான்.

அது ஏப்ரல் மாதத்தின் முதல் வாரம். நண்பர்கள் நால்வர் அங்குள்ள நிசேக்கோ மலைப்பகுதிக்குப் பனிச்சறுக்கு விளையாடச் சென்றிருந்தோம். ஒருவர் பொறியாளரான சீன நண்பர். எங்களுள் நன்றாகச் சறுக்கக்கூடியவர் அவரே. மற்றொருவர் ஆசிரியரான மலாய்த் தோழி. மூன்றாமவர் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரியும் என் பள்ளித் தோழி. உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய எங்கள் நட்பு, வேலைகள் வேறு வேறான பின்பும் தொடர்ந்தது. முன்பெல்லாம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் நால்வரும் சேர்ந்து பனிமலைக்குச் செல்வோம். ஆனால், அந்தப் பயணத்துக்குத் தனிச் சிறப்பு ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், வலைப்பந்து விளையாடியபோது தாதித் தோழியின் முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை, பல மாத இயன்முறைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு, மருத்துவரின் ஒப்புதலோடு அவர் மீண்டும் சறுக்குப் பலகையில் ஏறப்போகும் முதல் நாள் அது.

ஹொக்கைடோவில் பனி ஏன் அவ்வளவு பெய்கிறது என்பதை அறிந்துகொள்வது சுவையானது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கடுங்குளிர் காற்று ஜப்பானியக் கடலைக் கடந்து வருகிறது. வரும் வழியில் கடலின் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலைகளில் மோதி மேலெழும்போது அந்த ஈரம் முழுவதும் பனியாகக் கொட்டுகிறது. சனவரி, பிப்ரவரி மாதங்களில் விழும் அப்பனி, மாவைப் போல மென்மையானது. கையில் அள்ளி ஊதினால் பறந்துவிடும். உலகின் பல பகுதிகளிலிருந்தும் பனிச்சறுக்கு விளையாட்டாளர்கள் இங்கு வருவது அந்தப் பனிக்காகத்தான்.

வசந்தகாலப் பனியோ முற்றிலும் வேறானது. பகலில் வெயில் பட்டு மேற்பரப்பு உருகுகிறது. இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கியதும் உருகிய நீர் மீண்டும் உறைகிறது. இப்படி நாள்தோறும் உருகியும் உறைந்தும், மென்மையான பனித்துகள்கள் பருமனான உருண்டை மணிகளாக மாறுகின்றன. ஜப்பானியர்கள் இதனை ‘ஸராமே’ என்று அழைக்கிறார்கள். அது பருமணிச் சீனிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். காலணியால் மிதித்தால், சீனி மூட்டை மேல் நடப்பதுபோலவே நறநறவென்று ஒலி எழுகிறது.

அன்று காலை 8 மணிக்கே நாங்கள் ஹிராஃபு சறுக்குத் தளத்தின் அடிவாரத்தை அடைந்துவிட்டோம். வாடகைக் கடையில் பலகைகளைப் பெற்றுக்கொள்ளும்போது, பணியாளர் ஒவ்வொருவரிடமும் வயது, உயரம், எடை, சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்பதை அந்த விவரங்களே தீர்மானிக்கின்றன. கீழே விழும்போது அந்தப் பூட்டு உரிய நேரத்தில் விடுபட வேண்டும்; இல்லாவிட்டால் பலகையின் முறுக்கு விசை முழுவதையும் கால் தாங்க நேரிடும். பொறியாளர் நண்பர் தமது எடையைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். தாதித் தோழி மட்டும் சிரிக்காமல், தமது முழங்காலைப் பற்றியும் பணியாளரிடம் விளக்கினார். அவர் அதைக் கவனமாகக் கேட்டு, பூட்டை இருமுறை சோதித்துக் கொடுத்தார்.

அடிவாரத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 2 பாகை. இரவெல்லாம் உறைந்திருந்த சரிவு கண்ணாடிபோல் மின்னியது. வேகமாகச் சறுக்கும் சிலர் மேலே சென்றுவிட்டனர். அவர்களுடைய பலகைகளின் விளிம்பு இறுகிய பனியை உரசும் ஓசை எங்கள் காதுவரை கேட்டது. ‘நாம் பத்து மணிக்குப் போகலாம்’ என்றார் தோழி. யாரும் மறுக்கவில்லை. சூடான காப்பியைப் பருகிக்கொண்டே, வெயில் தன் வேலையைச் செய்யும்வரை காத்திருந்தோம். ஹிராஃபு சரிவு கிழக்கு நோக்கியது; ஆகவே, காலை வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் தோழி எங்கள் முகங்களிலெல்லாம் வெயில்தடுப்புக் களிம்பைப் பூசச் செய்தார். பனிப்பரப்பு சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால், மலையில் வெயில் மேலிருந்து மட்டுமன்றிக் கீழிருந்தும் அடிக்கிறது. கறுப்புக் கண்ணாடி அணியாமல் நெடுநேரம் இருந்தால் கண்ணே பழுதடையக்கூடும்.

10 மணிக்குக் கம்பிவட ஊர்தியில் ஏறினோம். மேலே இறங்கிப் பலகைகளைப் பூட்டிக்கொண்டபோது, தோழியின் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் இறுகியிருந்தன. அவர் சரிவைப் பார்க்கவில்லை. தம் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் நண்பர் அவரிடம், ‘நீ முன்னால் போ. நாங்கள் உன் பின்னால் வருகிறோம்’ என்றார்.

அது வெறும் ஆறுதல் மொழியன்று. பனிச்சறுக்கு விளையாட்டில் நடத்தை விதிகள் பத்து உண்டு. அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வகுத்த அவ்விதிகளுள் ஒன்று, மேலிருந்து வருபவர் தமக்கு முன்னால் கீழே செல்பவருக்கு ஆபத்து நேராதபடி தம் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதாகும். உயரத்தில் இருப்பவருக்குக் கீழே உள்ளவர் தெரிவார். கீழே இருப்பவருக்கோ முதுகில் கண் இல்லை. ஆகவே, பொறுப்பு மேலே இருப்பவருடையது. சறுக்கு மலைக்கென்று எழுதப்பட்ட இவ்விதி, மலைக்கு வெளியேயும் பொருந்தக்கூடியது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

தோழி மெல்ல நகர்ந்தார். முதலில் இரண்டு பலகைகளின் முனைகளையும் ஒன்றையொன்று நெருங்க வைத்து, ஆப்பு வடிவில் வேகத்தைக் கட்டுப்படுத்தினார். பத்துப் பதினைந்து மீட்டர் சென்றதும் ஒரு திருப்பம். பிறகு இன்னொரு திருப்பம். வெயில் பட்ட மேற்பரப்பு ஓர் அங்குல ஆழத்துக்கு இளகியிருந்தது. அதற்கடியில் உறுதியான பனி. வழுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மூன்றாவது திருப்பத்தில் அவருடைய தோள்கள் தளர்ந்ததை என்னால் பின்னாலிருந்தே காண முடிந்தது. ஐந்தாவது திருப்பத்தில் பலகைகள் இரண்டும் இணையாகச் சேர்ந்துகொண்டன. அடிவாரத்தில் நின்று திரும்பிப் பார்த்தவர், ‘காலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது!’ என்று உரக்கக் கூவினார். ஆசிரியத் தோழி கைதட்டினார். வரிசையில் நின்ற முன்பின் அறியாத முதியவர் ஒருவரும் சேர்ந்து தட்டினார்.

அடுத்த இரண்டரை மணி நேரத்தில் எத்தனை முறை ஏறி இறங்கினோம் என்று யாரும் எண்ணவில்லை. வசந்தகாலப் பனி தரும் நல்ல நேரம் அவ்வளவே. அதற்கு முன் சென்றால் சரிவு பாறைபோல் இருக்கும். அதற்குப் பின் சென்றால் கூழாகிவிடும். திருக்குறளில் ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரமே இருப்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அந்தத் தலைப்பின் பொருளை என் கால்கள் புரிந்துகொண்டது அன்றுதான்.

நண்பகலில் மேல்நிலையத்தின் உணவகத்துக்கு வெளியே அமர்ந்து, வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கைச் சாப்பிட்டோம். எதிரே 1,898 மீட்டர் உயரமுள்ள யோத்தே மலை, கூம்பு வடிவில் தனித்து நின்றது. ஃபுஜி மலையின் சாயல் இருப்பதால் அதற்கு ‘எஸோ ஃபுஜி’ என்ற பெயரும் உண்டு. ஜப்பானில் பனிச்சறுக்கு வேரூன்றிய வரலாற்றில் இம்மலைக்கும் பங்குண்டு. ஆஸ்திரிய-ஹங்கேரிய இராணுவ அதிகாரி தியோடர் ஃபான் லெர்ஹ், 1911-ஆம் ஆண்டில் நிகாத்தா வட்டாரத்தில் ஜப்பானியப் படைவீரர்களுக்குப் பனிச்சறுக்கைக் கற்பித்தார். நாம் இன்று இரண்டு ஊன்றுகோல்களைப் பயன்படுத்துகிறோம். அவர் கற்பித்ததோ ஒற்றைக் கோலை ஊன்றிச் சறுக்கும் முறை. அடுத்த ஆண்டு அவர் ஹொக்கைடோவுக்கு வந்து யோத்தே மலையிலும் பலகைகளோடு ஏறினார். அதன் பிறகு அறுபது ஆண்டுகள் கழித்து, 1972-இல், ஆசியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் இதே தீவின் சப்போரோ நகரில் நடைபெற்றன.

அங்கிருந்து பார்த்தபோது இரண்டு காட்சிகள் என் கவனத்தை ஈர்த்தன. ஒன்று, காட்டு மரங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் வட்ட வடிவில் பனி உருகிக் குழி விழுந்திருந்தது. கருநிற மரத்தண்டு வெயிலை ஈர்த்துத் தன்னைச் சுற்றியுள்ள பனியை முதலில் உருக்கிவிடுகிறது. மற்றொன்று, பள்ளத்தாக்கின் வயல்கள். வெண்ணிற வயல்களின் மேல் யாரோ கரிக்கோலால் கோடு கிழித்ததுபோல் கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. பனி விரைவில் உருகுவதற்காக விவசாயிகள் கருநிறத் தூளைத் தூவுகிறார்கள் என்று உணவகப் பணியாளர் விளக்கினார். மரம் இயல்பாகச் செய்வதை மனிதர் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். உருளைக்கிழங்குக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது. பனி இன்னும் ஒரு வாரம் நீடிக்காதா என்று நாங்கள் ஏங்கினோம். ஒரு வாரம் முன்னதாக விலகாதா என்று கீழே ஒருவர் தூளைத் தூவிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் 1.30 மணிக்குள் பனி குணம் மாறிவிட்டது. ஈரம் ஊறிக் கனத்துப்போன பனி, பலகைகளைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் தடுத்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தொடைகள் இருமடங்கு உழைக்க வேண்டியிருந்தது. காட்டுப் பகுதிக்குச் செல்லும் வாயில் மூடப்பட்டு, குறுக்கே கயிறு கட்டப்பட்டிருந்தது. உருகிய நீர் தரைவரை இறங்கினால், சரிவில் படிந்துள்ள பனி முழுவதும் அடியோடு பெயர்ந்து சரியக்கூடும். எனவே, வாயில் மூடியிருக்கும்போது யாரும் அதைக் கடக்கக்கூடாது என்பது நிசேக்கோவின் கண்டிப்பான விதி.

‘இன்னும் ஒரே ஒரு முறை, எளிதான பாதையில் போகலாமா?’ என்று கேட்டார் பொறியாளர் நண்பர்.

தாதித் தோழி சற்றும் தயங்காமல், ‘எனக்கு இன்றைக்கு இது போதும். கால் வலிக்கவில்லை. வலி வருவதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்’ என்றார்.

பொறியாளரும் ஆசிரியரும் சேர்ந்து சறுக்கிச் சென்றனர். நான் தோழியோடு கம்பிவட ஊர்தியில் இறங்கினேன். பலகைகளை ஊர்தியின் வெளிப்புறத் தாங்கியில் வைத்துவிட்டு உள்ளே அமர்ந்தோம். கீழே சரிவில் எங்கள் நண்பர்கள் இரண்டு வண்ணப் புள்ளிகளாக நகர்ந்தனர்.

‘உனக்கு ஏமாற்றமாக இல்லையா?’ என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் சன்னல் வழியே பார்த்தார். பிறகு, ‘இந்த இரண்டு ஆண்டுகளில் நான் எத்தனையோ செயல்களைச் செய்யாமல் விட்டிருக்கிறேன். பேருந்தைப் பிடிக்க ஓடியதில்லை; படிக்கட்டில் வேகமாக இறங்கியதில்லை. அவற்றையெல்லாம் நான் முடிவு செய்யவில்லை; என் பயம்தான் முடிவு செய்தது. இன்று காலையில் இறங்கியது என் முடிவு. இப்போது நிறுத்தியதும் என் முடிவு. இரண்டும் எனக்கு ஒரே அளவு மகிழ்ச்சிதான்’ என்றார்.

அந்தச் சொற்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நிறுத்துவது என்றாலே தோல்வி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அச்சத்தால் நிறுத்துவது வேறு. அளவறிந்து நிறுத்துவது வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறிந்தவர், நிறுத்தியவர் மட்டுமே. அதனால்தான், ‘ஏன் நிறுத்தினாய்?’ என்று ஒருவரைக் கேலி செய்வதற்கு முன் நாம் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அன்று தோழியை யாரும் வற்புறுத்தவில்லை; மேலும் ஒருமுறை சறுக்க விரும்பியவரை யாரும் தடுக்கவுமில்லை. கீழே வந்து சேர்ந்த பொறியாளர், ‘பனி கனமாகத்தான் இருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது’ என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நல்ல நட்பில் இரு விருப்பங்களுக்கும் இடமிருக்கிறது.

மாலையில் ஷிரிபெட்சு ஆற்றங்கரையோரம் நடந்தோம். பனி விலகிய ஈரமண்ணில், வெளிர்ப்பச்சை மொட்டுகள் தலைகாட்டிக்கொண்டிருந்தன. ‘ஃபுக்கினோதோ’ எனப்படும் அவற்றை, மாவில் தோய்த்துப் பொரித்து உண்பது அவ்வூர் வழக்கம். அன்றைய இரவு உணவில் எங்களுக்கும் அது கிடைத்தது. பாகற்காயை நினைவூட்டும் கசப்பு. வசந்தத்தின் வரவை நாவில் அறிவிப்பது இக்கசப்புதான் என்று பரிமாறிய பெண்மணி சொன்னார். தோழி இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சன்னலைத் திறந்தபோது ஆற்றின் இரைச்சல் உள்ளே வந்தது. பகலில் நாங்கள் சறுக்கிய பனியின் ஒரு பகுதி, நீராகி அவ்வழியே வயல்களைக் கடந்து கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.