ஔவுக்குப் பின் ஔவை

அ), ஆ), இ) என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போகிறீர்கள். ஔ) வந்துவிட்டது. இன்னும் ஒரு அம்சம் பாக்கி இருக்கிறது. அதற்கு என்ன போடுவீர்கள்?

கொஞ்ச நாளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்க வைத்தவன் என் அக்கா மகன். வேர்டு கோப்பை இணையப் பக்கமாகவோ மின்னூலாகவோ மாற்றித் தரும் கட்டற்ற மென்பொருள்களில், பட்டியல் எண்களைத் தமிழில் வரவைக்க ஆள் சேர்க்கிறான். “மெனுவை மொழிபெயர்க்கலாம் வாங்கன்னா பத்துப் பேர் வர்றாங்க மாமா, இதுக்கு ஒருத்தரும் வரல” என்று அலுத்துக்கொண்டான். எப்படி வருவார்கள்? மெனுவில் ‘சேமி’ என்று எழுதினால் ஊரே பார்க்கும். அடைப்புக்குறி ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை ‘ஈ’யை யார் பார்க்கிறார்கள்?

இத்தனைக்கும் அந்த ஈ கோப்புக்குள் எழுத்தாகவே இருக்க வேண்டியதில்லை. இந்தப் பத்தி இந்தப் பட்டியலைச் சேர்ந்தது, இன்ன முறையில் எண்ணிட வேண்டும் என்ற குறிப்பு இருந்தால் போதும். நான்காவது என்றால் என்ன குறி என்பதைத் திறக்கிற மென்பொருள் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தமிழ் எழுத்து வரிசை என்ற முறைக்கு அங்கே பெயரே இல்லாததால் நாம் அ), ஆ) என்று கையால் தட்டுகிறோம். நடுவில் ஒன்றை நீக்கினால் கீழே உள்ள அத்தனையையும் திருத்த வேண்டும். ‘உட்பிரிவு (ஈ)-இல் கண்டவாறு’ என்று எங்கோ பத்தாம் பக்கத்தில் இருக்கும் வரி மட்டும் யார் கண்ணிலும் படாமல் பழைய ஈயையே சுட்டிக்கொண்டிருக்கும். கையெழுத்தெல்லாம் ஆன பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணில் படும்.

வேர்டின் கோப்பு வடிவம் 2006-இல் எக்மா தரமாகவும், 2008-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் வந்தது. அதில் எண்ணிடும் முறைகளுக்கென்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. ஒரு மத்தியானம் உட்கார்ந்து படித்தேன், தூக்கம் வரவில்லை. இந்திக்கு உயிர், மெய், எண், எண்ணுப்பெயர் என்று நான்கு முறைகள். தாய் மொழிக்கு மூன்று. ஜப்பானியத்துக்கு உள்ளவற்றில் ஒன்று ‘இரோஹா’. அது ஒரு பழங்கவிதை. அந்த மொழியின் அசையெழுத்து ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும்படி கட்டப்பட்டது, பாடுபொருள் நிலையாமை. ஜப்பானியச் சட்டங்களில் உட்பிரிவுகளுக்கு இன்றும் அந்தக் கவிதையின் எழுத்து வரிசைதான். எபிரேயத்தில் இன்னும் விசேஷம். 15-ஐயும் 16-ஐயும் முறைப்படி பத்தும் ஐந்தும், பத்தும் ஆறும் என்று எழுதினால் கடவுளின் பெயரில் உள்ள எழுத்துகள் வந்துவிடுகின்றன. அதனால் ஒன்பதும் ஆறும், ஒன்பதும் ஏழும் என்று மாற்றி எழுதுவார்கள். மென்பொருளிலும் இந்த இரண்டு எண்களுக்குத் தனி விதி உண்டு. கணிப்பொறிக்கும் தெய்வ பயம் வேண்டியிருக்கிறது.

தமிழ் என்ற பெயரில் அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. கட்டற்ற மென்பொருளில் மட்டும் என்ன வாழ்கிறது? 2006-இல் வெளிவந்த பான்டாக், கோப்பு மாற்றுவதில் கெட்டிக்காரன். அதை எழுதத் தொடங்கிய ஜான் மக்ஃபார்லேன் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். சாதாரண எண், ரோமன் எண், ஆங்கில எழுத்து ஆகியவைதான் அதற்குத் தெரிந்த வரிசைகள். பேராசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ன வேண்டும் என்று நாமே இன்னும் முடிவு செய்யவில்லை. பதின்மூன்றாவது எது என்றதற்குத் தெரிந்த தமிழாசிரியர் ‘ஃ’ என்றார். பத்திரம் எழுதுகிறவர் ‘க’ என்றார். ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர், “பன்னிரண்டுக்கு மேல போகாமப் பார்த்துக்குவோம் சார்” என்றார்.

எனக்கு ஔவைதான் கைகொடுத்தார். ஆத்திசூடியை அறநூலாகவே படித்துப் பழகிவிட்டோம். அதை 109 அம்சங்கள் கொண்ட பட்டியலாக ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முதல் பன்னிரண்டும் உயிர். பதின்மூன்றாவது ஆய்தம், சந்தேகத்துக்கு இடமில்லை, தமிழாசிரியர் ஜெயித்தார். பதினான்கு க, பதினைந்து ங, பதினாறு ச என்று போய், ன-வோடு முப்பத்தொன்று முடிகிறது. ங-வில் தொடங்கச் சொல் கிடைக்காதபோது அந்த எழுத்தையே உவமையாக்கி நிறுத்திவிட்டார். ட, ண, ர, ல, ழ போன்றவை சொல்லுக்கு முதலில் வராதே என்று தாண்டிப் போய்விடவும் இல்லை. முன்னால் ஓர் அகரத்தையோ இகரத்தையோ துணைக்கு அனுப்பி, இரண்டாம் எழுத்தாக உட்காரவைத்தார். எந்த இடமும் காலியாக இருக்கக் கூடாது என்ற இந்தப் பிடிவாதம் பட்டியல் போடுகிறவர்களுக்கே உரியது. முப்பத்திரண்டிலிருந்து க, கா, கி என்று ககர வருக்கம். அது முடிந்ததும் சகரம். அப்புறம் ஞ, ட, ண மூன்றையும் விட்டுவிட்டு நேரே தகரம். முதல் சுற்றில் காட்டிய பிடிவாதம் இரண்டாம் சுற்றில் தளர்ந்துவிட்டது. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

பெருமையோடு மருமகனுக்குப் போன் செய்தேன். இரண்டு நிமிஷம் மௌனம். “மாமா, பதினாலும் க, முப்பத்திரண்டும் க. ஒரே பட்டியல்ல ரெண்டு க வந்தா எப்படி?”

“முப்பத்திரண்டு உட்பிரிவு யாருடா எழுதப் போறா?”

“கவர்ன்மென்ட்” என்றான்.

நியாயம்தான். அப்படியானால் முதல் சுற்றுக்குப் புள்ளி வைத்து க், ங், ச் என்று மெய்யாக்கிவிடலாமா? அல்லது ஆங்கிலத்துக்கு வேர்டு செய்வதுபோல் அஅ, ஆஆ என்று இரட்டிக்கலாமா? எனக்குப் புள்ளிதான் சரியென்று படுகிறது. இரட்டித்தால் ஒப்பந்தத்தில் யாரோ கொட்டாவி விட்டது மாதிரி இருக்கும்.

தமிழ் எண்களிலும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. குறளின் கடைசி அதிகாரத்தை ௱௩௰௩ என்று எழுதுவதா, ௧௩௩ என்று எழுதுவதா? பழைய கணக்குக்கு முதலாவதுதான் முறை. தமிழ்ச் சுழியம் யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல், 4.1 பதிப்பில்தான். என் கட்சி ௰. ஆனாலும் இரண்டையும் வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதே உத்தமம்.

நிரல் எழுத மருமகனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பத்திர எழுத்தர், அச்சகத்தில் பிழை திருத்தியவர், வரைவு எழுதியே வயதான குமாஸ்தா. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பன்னிரண்டுக்கு மேல் போனபோது என்ன போட்டார் என்று கேளுங்கள். பழைய ஆவணம் கிடைத்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பான்டாக்குக்கோ, வேர்டு போன்ற கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்கோ வேலை செய்யும் பையன் யாராவது கிடைத்தால் கொடுங்கள். ஆங்கிலம் தெரியாது என்று தயங்க வேண்டாம். ஔவைக்கும் தெரியாது.