குடத்தில் தண்ணீர் இருக்கிறதா?

எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் செய்த அனிமேஷன் திரையில் ஓடும்போது அவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தங்கள் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் முறை வரும். “இன்னும் முடியல”, “இந்த இடத்துல கொஞ்சம் திருத்தம் பாக்கி” என்ற முன்னுரைகளுக்கு அங்கே இடமில்லை. மதுரையில் அக்காவின் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், டைனோசர்களைத் தவிர வேறெதையும் தொடாத பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், இரும்புக் கடையில் கணக்கு எழுதும் நான், இன்னும் சிலர். எங்களில் யாருக்கும் இது பிழைப்பு இல்லை. அதனால்தானோ என்னவோ, விமர்சனத்தில் யாரும் யாருக்கும் தயவு காட்டுவதில்லை.

நாங்கள் எல்லோரும் பழகுவது பிளெண்டர் என்ற மென்பொருளில். நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அது இலவசம். நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரோசன்டால் உருவாக்கியது. அவருடைய நிறுவனம் நொடித்துப்போனபோது, உலகெங்கும் இருந்த பயனர்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்து, 2002இல் அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ என்ற பூனைப் படம் இதே மென்பொருளில் உருவாகி 2025இல் ஆஸ்கர் வாங்கியபோது, எங்கள் கூடத்தில் அக்கா கேசரி கிண்டினார். ஆஸ்கர் வாங்கிய கருவியும் என் மடிக்கணினியில் இருக்கும் கருவியும் ஒன்றுதான் என்ற நினைப்பு அன்று முழுக்க எனக்கு ஒரு மிதப்பைக் கொடுத்தது. அடுத்த கூட்டத்தில் நான் செய்த ஒரு பந்தைக் காட்டியதும் அது இறங்கிவிட்டது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில், கையால் வரையும் அனிமேஷன் கூடம் ஒன்றில் இடைப்படங்கள் வரைந்தவர். மூத்த ஓவியர் இரண்டு முக்கியமான நிலைகளை வரைந்து கொடுப்பார். அவற்றுக்கு நடுவே வரவேண்டிய படங்களையெல்லாம் இவர் வரைய வேண்டும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு கை உயர்வதற்கு எத்தனை படம், அவற்றுக்குள் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் அவர் விரல்களில் படிந்திருக்கிறது. இப்போது பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறார். கணினி விஷயத்தில் எங்களில் பலர் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் அசைவு என்று வந்துவிட்டால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

என்னிடம் அவர் முதலில் கேட்டது, மேசையிலிருந்து விழுந்து துள்ளும் ஒரு பந்து. இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். மேலே ஒரு கீஃப்ரேம், கீழே ஒரு கீஃப்ரேம். கீஃப்ரேம் என்பது, இந்தக் கணத்தில் பொருள் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று காலத்தின் மேல் அடிக்கும் ஆணி. இரண்டு ஆணிகளுக்கு நடுவே உள்ள படங்களைக் கணினியே நிரப்பிவிடும். அக்கா அன்று செய்த வேலையை இன்று அதுதான் செய்கிறது. அதை யாரும் கேட்காமல், மென்மையாகச் செய்கிறது. மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, மறுபடி மெல்ல அடங்குகிறது. அதனால் என் பந்து தரையை நெருங்கும்போது பணிவாக வேகம் குறைந்து, தரையைத் தொட்டு, பணிவாகவே மேலே போனது.

“இது பந்து இல்ல தம்பி, பலூன்” என்றார் அக்கா. மருந்துக் கம்பெனிக்காரர் சிரித்தார். விதிப்படி நான் பேசக் கூடாது.

பிறகு ஒரு கிராஃப் நோட்டை எடுத்து வைத்தார். விழும் பொருள் சமமான நேரத் துண்டுகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். பள்ளியில் படித்து மறந்ததுதான். அதைப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைக்கச் சொன்னார். மேலே புள்ளிகள் நெருங்கி நின்றன. கீழே வரவர விலகின. அடுத்து ஒரு கணக்கு. 75 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து விழும் பந்து தரையைத் தொட ஏறக்குறைய 0.39 நொடி, அதாவது 9 ஃபிரேம் ஆகும். நான் கொடுத்திருந்தது 24. நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் உறைத்தது.

அன்றிலிருந்துதான் கிராஃப் எடிட்டரைத் திறக்கப் பழகினேன். அசைவு அங்கே வளைகோடாகத் தெரியும். கோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பக்கமும் சிறு கைப்பிடிகள் உண்டு. அவற்றைப் பிடித்து இழுத்தால் கோடு வளையும், நிமிரும். பந்து தரையைத் தொடும் புள்ளியில் அந்தக் கைப்பிடிகளை ஒன்றையொன்று சாராதபடி உடைத்து, கோட்டைக் கூர்மையான பள்ளமாக்க வேண்டும். அதைச் செய்ததும் பந்து தரையில் அடித்தது. ஒலி சேர்க்காமலே எனக்கு அந்த ‘டப்’ கேட்டது. நீண்ட நாட்களில் கிடைத்த முதல் சந்தோஷம் அது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்குச் சின்னது.

அதே சமயத்தில் ரயில்வே ஐயா பழைய பாம்பன் பாலத்தைச் செய்துகொண்டிருந்தார். 1914இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நடுவே, கப்பல் போவதற்காக இரண்டு இறக்கைகளாக மேலே எழும் ஷெர்சர் தூக்குப் பகுதி இருந்தது. ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். ஐயாவின் மாதிரியில் ஒவ்வொரு இரும்புச் சட்டமும் அச்சு அசல். ஆனால் திறந்தபோது இரண்டு இறக்கைகளும் சரேலென்று எழுந்து நின்றன. “அவ்வளவு இரும்பும் அட்டையாயிடுச்சே ஐயா” என்றார் அக்கா. ஐயா கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது இறக்கைகள் முதலில் அசைவதே தெரியவில்லை. கண் சந்தேகப்படும் நேரத்தில்தான் கிளம்பின. கூடமே கை தட்டியது. இரும்போ பந்தோ, திரையில் எதற்கும் எடை கிடையாது. அதை நேரத்தால்தான் கொடுக்க வேண்டும் என்று அவருடைய பாலத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. என் பந்து அதைக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். கற்றுக் கொடுக்கவில்லை.

பிடிபட்டுவிட்டது என்ற தைரியத்தில்தான் குடத்தில் கை வைத்தேன். தெருக் குழாயடியில் ஒரு பெண் நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறாள். எட்டு நொடிக் காட்சி. சேலையின் மடிப்புகளை அசைக்க எனக்குத் திராணி இல்லை. எங்கள் தெருவில் பார்ப்பதுபோல நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக அவளை உருவாக்கினேன். அதற்கே தடுமாறிப் போனேன். உருவத்துக்குள் எலும்புகளைப் பொருத்தி, எந்த எலும்பு எந்த இடத்தை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தூரிகையால் பூச வேண்டும். சிவப்பு என்றால் முழுப் பிடி, நீலம் என்றால் பிடியே இல்லை. கணினியைத் தானாகப் பூசச் சொன்னேன். அவள் ஒரு காலை எடுத்து வைத்தவுடன் நைட்டி இரண்டாகப் பிரிந்து கால்சட்டை ஆகிவிட்டது. பல இரவுகள் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்து, சிவப்பும் நீலமும் சேரும் இடத்தில் பச்சையையும் மஞ்சளையும் தடவித் தடவிச் சரிசெய்தேன்.

அடுத்த தொல்லை குடம் கைமாறுவது. தரையில் இருக்கும்வரை குடம் யாருக்கும் சொந்தமில்லை; தூக்கியதும் கை எலும்புக்குச் சொந்தம்; பிறகு இடுப்பு எலும்புக்கு. பிணைப்பு மாறும் அந்த ஒரு ஃபிரேமில், பழைய இடத்தை நினைவில் வைத்துக்கொள் என்று குடத்துக்குச் சொல்லத் தவறினால், அது கையை உதறிவிட்டு எங்கோ பறந்து போய்விடும். என் குடம் குழாயின் தலைக்கு மேல் போய் நின்றது. டைனோசர் பையன்தான் வந்து இரண்டு அழுத்தில் சரிசெய்து கொடுத்தான். “இதுகூடத் தெரியாதாண்ணே” என்று அவன் கேட்கவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

எல்லாம் முடித்து ஓட்டிக் காட்டியபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “குடத்துல தண்ணி இருக்கா தம்பி?”

இருந்தது. உள்ளே நீல நிறத்தில் தண்ணீரும் செய்து வைத்திருந்தேன். எழுந்து வந்து திரையில் தண்ணீரின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். “அது எனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியுதா?” என்றார்.

சரி, நிஜ அசைவைப் பார்த்தே செய்துவிடுவோம் என்று, பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்டு அவர் குடம் தூக்குவதைக் கைபேசியில் படம் பிடித்தேன். அதைப் பின்னணியில் வைத்து, ஒவ்வொரு நிலையையும் அப்படியே பெயர்த்தேன். கூடத்தில் ஓட்டினால், அவள் அரைத் தூக்கத்தில் இருப்பவளாகத் தெரிந்தாள். கைபேசி நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறது. என் காட்சி 24இல் ஓடுகிறது. ஒரு நொடியில் அத்தை செய்ததை என் நாயகி ஒன்றேகால் நொடியில் செய்துகொண்டிருந்தாள். அதைத் திருத்தி, வேகத்தைச் சரிக்கட்டியும் காட்டினேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார். “குடத்த மறைச்சுட்டு ஓட்டு” என்றார். மறைத்தேன். கையில் ஒன்றுமில்லாத ஒரு பெண் குனிந்து, நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்தாள். பாரம் தூக்குகிறாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெறும் நகல்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அன்று கூட்டம் கலைந்த பிறகு, அக்கா கொல்லைப்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை விளிம்புவரை நிரப்பினார். 15 லிட்டர் பிடிக்கும் குடம்; தண்ணீர் மட்டும் 15 கிலோ. “தூக்கு” என்றார். தூக்கினேன். “இறக்கு. மறுபடி தூக்கு. இப்போ கண்ண மூடிக்க. எது முதல்ல அசையுது?”

கை என்று சொன்னேன். இல்லை என்றார். மறுபடி தூக்கினேன். குடத்தின் கழுத்தைப் பிடித்து இழுத்த கணத்தில் குடம் நகரவே இல்லை. தோள் கீழே இறங்கியது, முழங்கை நிமிர்ந்தது, முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கியது, மூச்சு நின்றது. உடம்பு முழுவதும் இறுகி முடிந்த பிறகுதான் குடத்தின் அடி தரையை விட்டது. அப்புறம் தொடைமேல் ஒரு கணம் நின்று, அங்கிருந்து ஒரு உந்தலில் இடுப்புக்கு ஏறியது. ஏறிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முதுகு சாய்ந்தது. சும்மா இருந்த கை தானாக விலகி அகன்றது. அந்தக் கையை நான் அகட்டவில்லை. அது போனது.

‘லக்ஸோ ஜூனியர்’ படத்தை அக்கா எங்களுக்கு ஒலியில்லாமல் பலமுறை போட்டிருக்கிறார். 1986இல் ஜான் லாசெட்டர் பிக்சாருக்காகச் செய்தது. இரண்டு மேசை விளக்குகள், முகம் கிடையாது, கை கிடையாது. சின்ன விளக்கு ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் குனியும். குனிகிறது என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் குனிகிறது என்பது என் முழங்காலுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போய்ப் பழைய கீஃப்ரேம்களை அழித்துவிட்டுத் தொடங்கினேன். குடத்தை அசைக்காமல் 7 ஃபிரேம் நிறுத்தினேன். அந்த ஏழிலும் இடுப்பு, முதுகு, தோள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. எட்டாவதில் குடம் கிளம்பியது. தொடையில் நின்ற இடத்தில் கோட்டைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டேன். விலகும் கையை இரண்டு ஃபிரேம் தாமதப்படுத்தினேன். பிறகு குடத்தை மறைத்துவிட்டு ஓட்டினேன். கையில் எதுவும் இல்லை, பாரம் இருந்தது. மணி என்ன என்று பார்க்கவில்லை. மனைவியை எழுப்பிக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தில், “பாவம், இடுப்பு வலிக்கப்போகுது” என்றாள்.

காட்சியைக் கணினி ஒவ்வொரு படமாக வரைந்து எடுக்கும் ரெண்டர் வேலையிலும் ஒரு சோதனை. எட்டு நொடிக்கு 192 ஃபிரேம். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 9 மணி நேரத்துக்கு மேல். ஒரே வீடியோவாக எழுதச் சொல்லிவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் கரன்ட் போனது, பழைய மடிக்கணினியின் பேட்டரி தாங்கவில்லை, கோப்பு திறக்கவே இல்லை. தனித்தனிப் படங்களாக எழுதச் சொல்லியிருந்தால் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இப்போது இதைத்தான்.

அடுத்த கூட்டத்தில் காட்சி ஓடி முடிந்ததும் முதலில் பேசியவர் ரயில்வே ஐயா: “நெறகுடம்.” மருந்துக் கம்பெனிக்காரர், நடக்கத் தொடங்கும் இடத்தில் இடது பாதம் தரையில் வழுக்குகிறது என்றார், உண்மைதான். பையன், தண்ணீர் தளும்பவே இல்லை, அதற்கென்று திரவப் பாவனை வசதி இருக்கிறதே என்று அதன் அளவுகளை அடுக்கத் தொடங்கினான். அக்கா அவனைக் கையமர்த்தினார். “அதெல்லாம் வேணாம். தொடையிலருந்து இடுப்புக்கு ஏத்துறா பாரு, அங்க ரெண்டு சொட்டு சிந்தவிடு, போதும்.” என் பக்கம் திரும்பி, “தூக்கிட்ட. இனி இறக்கி வை” என்றார்.

அதில்தான் இப்போது இருக்கிறேன். தூக்குவதைவிட இறக்குவது கடினம். உடம்பு விட்டுவிட நினைக்கிறது, கை விடக் கூடாது என்கிறது. குடம் தரையைத் தொட்ட பிறகும் தோள் உடனே நிமிர்ந்துவிடக் கூடாது. நேற்று இரவுவரை குடத்தின் அடி தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்படியே கொண்டுபோய்க் காட்டப் போகிறேன்.