பத்து மணிக்குள்ள மலையை விட்டு இறங்கிடணும்!

நேஷனல் பார்க்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? செக்போஸ்ட், ஃபாரஸ்ட் ஜீப், 'வாகனத்தை விட்டு இறங்காதீர்' போர்டு, அதிர்ஷ்டம் இருந்தா தூரத்துல ஒரு யானையோட முதுகு. பிரிட்டன்ல கதையே வேற பாஸ்! வேல்ஸ் நாட்டோட வடமேற்கு மூலையில இருக்கிற எரெரி நேஷனல் பார்க்குக்குள்ள 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்க குடியிருக்காங்க. ஸ்கூல், பேக்கரி, பப், பெட்ரோல் பங்க் எல்லாம் பார்க்குக்கு உள்ளேயே. நிலத்துல பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். புலி? ம்ஹூம். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மறி ஆடுதான்!

'ஸ்னோடோனியா'ன்னு சொன்னா இன்னும் நிறைய பேருக்குப் புரியும். 1951-ல் நேஷனல் பார்க் ஆனப்ப வெச்ச பேர் அது. 2022-ல் பார்க் நிர்வாகம், 'இனிமே எங்க பாஷைப் பேர்தான்'னு முடிவு பண்ணி, ஸ்னோடோனியாவை எரெரியாகவும், ஸ்னோடன் சிகரத்தை 'அர் உய்த்வா'வாகவும் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. ராஜாக்களோட தாடியை வெட்டி அங்கி தைச்சுப் போட்டுக்கிட்ட ஒரு அரக்கனை ஆர்தர் ராஜா கொன்னு, அந்த உச்சியிலதான் புதைச்சாராம். கதை நல்லா இருக்குல்ல!

சிகரத்தோட உயரம் 1,085 மீட்டர். 'ப்பூ... ஊட்டியே 2,200 மீட்டருக்கு மேலப்பா'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. ஊட்டிக்கு நாம பஸ்ல போறோம். இங்கே அடிவாரத்துல இருக்கிற லான்பெரிஸ் ஊர் கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்குப் பக்கத்துல இருக்கு. அங்கேயிருந்து ஒரே மூச்சா சுமார் ஆயிரம் மீட்டர் ஏறணும். அதுவும் சைக்கிளோட! (லான்பெரிஸ்ல வர்ற அந்த முதல் எழுத்து இங்கிலீஷ்காரங்க வாயில நுழையவே நுழையாது. நம்ம 'ழ' மாதிரி வேல்ஸ்காரங்களுக்கு அது ஒரு கெத்து.)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு மலைக்கு ஒரு பாதை. அதுல நடக்கிறவனும் போகணும், சைக்கிள்காரனும் போகணும். யாருக்கு வழி?

பிரிட்டனோட 1968-ம் வருஷ கன்ட்ரிசைடு சட்டம் இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கு. வெறும் நடைபாதையில சைக்கிள் ஓட்ட உனக்கு உரிமை கிடையாது. குதிரை போறதுக்குன்னு இருக்கிற பாதையில ஓட்டலாம். ஆனா நடக்கிறவங்களுக்கும் குதிரைக்கும் நீதான் ஒதுங்கி வழி விடணும். அது மட்டுமில்ல, உள்ளூர் நிர்வாகம் நினைச்சா அந்த உரிமையையும் துணைவிதி போட்டு எடுத்துடலாம்! அர் உய்த்வா உச்சிக்குப் போற ஆறு பிரதான பாதைகள்ல லான்பெரிஸ், ரேஞ்சர், ரித் தீ ஆகிய மூணுதான் குதிரைப் பாதை. மத்ததுல சைக்கிளைக் கொண்டுபோனா முறைப்பாங்க. முறைக்கிறதுல நியாயமும் இருக்கு.

மூணு பாதை இருந்தும் பிரச்னை தீரல. கோடைக்காலத்துல இந்த உச்சியில நம்ம ரங்கநாதன் தெரு மாதிரி கூட்டம். போட்டோ எடுக்கவே க்யூ நிக்கும். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, நாய்க்குட்டின்னு ஏறி வர்ற வழியில, மேலேயிருந்து ஒருத்தன் தடதடன்னு சைக்கிள்ல இறங்கினா என்ன ஆகும்? அதனால சைக்கிள்காரங்களோட பேசி ஒரு ஏற்பாடு வந்துச்சு. மே 1-லேர்ந்து செப்டம்பர் 30 வரைக்கும், காலை 10 மணிக்கும் சாயங்காலம் 5 மணிக்கும் நடுவுல உச்சிக்குப் போற பாதைகள்ல சைக்கிள் ஓட்டறதில்ல. ஏர்றதும் இல்ல, இறங்கறதும் இல்ல. இது சட்டம் கிடையாது. 'நாங்களே ஒத்துக்கிட்டோம்'ங்கிற வாக்கு, அவ்ளோதான்.

பாங்கர்ல படிக்கிற என் கோயம்புத்தூர் நண்பன் இதைக் கேட்டதும் சிரிச்சான்.

"ஃபைன் உண்டாடா?"

"கிடையாது."

"போலீஸ்?"

"கிடையாது."

"அப்புறம் எவன்டா கேப்பான்?"

கேக்க ஆள் இல்லாததுதான் இதுல இருக்கிற சூட்சுமமே. நாலு பேர் வாக்கை மீறி, ஒரு குழந்தை மேல மோதினா போதும்... துணைவிதி வந்துடும், அப்புறம் யாருக்குமே மலை கிடையாது. இன்னொரு கணக்கையும் பாருங்க. ஜூன் மாசம் அங்கே விடிகாலை அஞ்சு மணிக்குள்ள சூரியன் வந்துடும். மறையறது ராத்திரி ஒன்பதரைக்கு மேல! அப்படின்னா காலையில அஞ்சு மணி நேரம், சாயங்காலம் நாலரை மணி நேரம் வெளிச்சத்தோட மலை நம்மளுது. இதுக்கு மேல என்ன வேணும்?

நாங்க கிளம்பினது ஜூன்ல ஒரு நாள், அஞ்சு மணிக்கு. ஆரம்பத்துல வர்ற தார் ரோடே செங்குத்து. பாதி ரைடர்கள் முதல் அரை கிலோமீட்டர்லயே இறங்கித் தள்றாங்க. அதுக்கப்புறம் கல்லும் மண்ணுமா பாதை, கூடவே ஒரு ரயில் தண்டவாளம். 1896-ல் ஓட ஆரம்பிச்ச பல்சக்கர ரயில் இது. நம்ம மேட்டுப்பாளையம் ரயிலுக்கும் இதுக்கும் ஒரே 'ஆப்ட்' முறை பல்சக்கரம்தான். சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு. மேலே போகப் போக சைக்கிள் நம்மளைச் சுமக்கல, நாமதான் அதைச் சுமக்கணும். தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு நடக்கிறது மவுன்டன் பைக்கிங்கோட ஒரு பகுதின்னு யாரும் போஸ்டர்ல போடறதில்ல!

இறங்கறதுதான் விளையாட்டு. சீட்டுல உட்காரவே கூடாது. ரெண்டு பெடலும் தரைக்கு இணையா, முட்டி மடங்கி, இடுப்பு பின்னால. கண்ணு முன் சக்கரத்துல இருக்கக் கூடாது, அஞ்சாறு மீட்டர் தள்ளிப் பார்க்கணும். முன் பிரேக்கை வெடுக்குனு புடிச்சா சைக்கிள் நிக்கும், நாம நிக்க மாட்டோம். மழைத் தண்ணி வடியறதுக்காகப் பாதைக்குக் குறுக்கே கல் பதிச்சிருக்காங்க. வேகமா போய் அதுல மோதினா ட்யூப் நசுங்கிப் பஞ்சர். எட்டரை மணிக்கு பாதி வழியில, மேலே ஏறி வந்துக்கிட்டிருந்த ஒரு பெரியவருக்காக ஓரமா நின்னோம். அவர் முதல்ல எங்களைப் பார்க்கல, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம்தான் "குட் மார்னிங்" சொன்னார்.

இப்படி நேரத்தைப் பங்கு போட்டுக்கிறது ஒரு வழி. இதே பார்க்கோட தெற்குப் பக்கம், டோல்கெல்லாய் ஊருக்குப் பக்கத்துல இன்னொரு வழியைக் காட்டறாங்க. 'கோய்ட் அ ப்ரெனின்'. அர்த்தம், ராஜாவின் காடு. 1935-ல் ஐந்தாம் ஜார்ஜோட வெள்ளி விழாவுக்காக வெச்ச பேர். 1990-கள்ல டாவித் டேவிஸ்ங்கிற வன ஊழியர், 'சைக்கிள்காரனுக்குன்னு தனிப் பாதையே போட்டா என்ன?'ன்னு கிளம்பினார். இப்ப பிரிட்டன்ல எத்தனையோ 'ட்ரெய்ல் சென்டர்'கள் இருக்கு. அந்த வழிக்கே பிள்ளையார் சுழி போட்ட இடம் இதுதான்.

பாதைன்னா சும்மா புதரை வெட்டிவிட்டது இல்ல. அங்கே மலைப்பாதைக்கு எதிரி சைக்கிள் இல்ல, மழை. அர் உய்த்வா பக்கம் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது. சரிவுல நேரா கீழே போற மாதிரி பாதை போட்டா, சக்கரம் போட்ட தடத்துல தண்ணி இறங்கி, நாலே வருஷத்துல பாதை ஓடை ஆயிடும். அதனால பாதை சரிவுக்குக் குறுக்கே, வளைஞ்சு வளைஞ்சு போகணும். அதோட வெளி ஓரம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கணும். அப்பப்ப ஒரு சின்னப் பள்ளம், ஒரு சின்ன மேடு. நமக்கு ஜாலியா இருக்கிற அந்த ஏத்த இறக்கம், நிஜத்துல தண்ணியை வெளியே தள்ற ஏற்பாடு! மேலே மண்ணுக்குப் பதிலா, அந்த மலைக் கல்லையே நெட்டுக்குத்தலா அடுக்கிப் பதிச்சிருக்காங்க. டயர் என்ன தேய்ச்சாலும் அசையாது. நம்ம பல்லுதான் கிடுகிடுங்கும்.

பாதைகளுக்குக் கலர் உண்டு. பச்சை, நீலம் புதுசா வர்றவங்களுக்கு, சிவப்பு கஷ்டம், கறுப்பு ரொம்பக் கஷ்டம். 'மைனர்டார்' நீலம். 'டாரு'ன்னா வேல்ஷ்ல காளை, அது சிவப்பு. 'பீஸ்ட் ஆஃப் ப்ரெனின்' சுமார் 38 கிலோமீட்டர் கறுப்பு. பேரைப் பார்த்து மயங்கி நேரா கறுப்புக்குப் போற ஹீரோயிசம் வேணாம். மைனர்டார்ல ஒரு சுத்து, கையும் காலும் பழகினதும் சிவப்பு. அதுவே ஒரு நாளைக்குப் போதும்.

ஒரு வருத்தமான சேதியும் இருக்கு. காட்டை நிர்வகிக்கிற வேல்ஸ் அரசு அமைப்பு, செலவு கட்டுப்படி ஆகலைன்னு 2025 மார்ச் கடைசியோட இங்கே நடத்திக்கிட்டிருந்த கேன்டீனையும் கடையையும் மூடிட்டாங்க. உள்ளூர்க்காரங்க கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி எதிர்த்துப் பார்த்தாங்க. பாதைகள் திறந்துதான் இருக்கு. ஆனா நனைஞ்சு, நடுங்கி, சேத்தோட வந்து சேர்றவனுக்கு ஒரு சூடான டீ கிடைக்கிற இடம்தானே மறுபடியும் வரவழைக்கும்? ஒரு தலைமுறை ரைடர்கள் மொதமொதல்ல சந்திச்சுக்கிட்ட இடம் அது. என்னைக் கேட்டா, கல் பதிச்ச செலவோட ஒப்பிட்டா டீக்கடை நடத்தற செலவு வீண் இல்ல.

படிக்க அந்தப் பக்கம் போறவங்களுக்கு சில டிப்ஸ். சைக்கிள் வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. டிஸ்க் பிரேக்கும் முன்னாடி சஸ்பென்ஷனும் இருந்தா போதும். ஹெல்மெட், முட்டிக்கவசம், ஒரு ட்யூப், ஒரு பம்ப் கண்டிப்பா வேணும். கோய்ட் அ ப்ரெனினுக்கு சாப்பாடு, பிளாஸ்க்கோட போங்க. அர் உய்த்வாவுல அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஆனா டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும், உச்சியில பனிக்கட்டி இருக்கும், காத்து ஆளையே தள்ளும். அப்ப போறதா இருந்தா ஹெட்லைட் எடுத்துக்கங்க. இல்ல, பேசாம மே மாசம் அஞ்சு மணிக்கு அலாரம் வைங்க.