சட்டை இரவல், உதை சொந்தம்!

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே பேசப்போகும் சினிமாப் படம் உயர்ந்த கலைச் சிருஷ்டி ஒன்றும் அல்ல. கதையில் ஓட்டைகள் உண்டு. ஒரே சித்திரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிக் காலம் ஓட்டும் இடங்களும் உண்டு. ஆள் நடந்தால் கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று தடுமாறும். இத்தனை குறையும் உள்ள படத்துக்கு எதற்காக இவ்வளவு காகிதம் செலவு என்று கேட்கிறீர்களா? படித்துப் பாருங்கள், அப்புறம் கோபித்துக்கொள்ளலாம்.

படத்தின் பெயர் 'ரோபோ டேக்வான் வி'. தென்கொரியாவில் 1976-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி, பள்ளிக்கூடக் குழந்தைகளுக்குக் கோடை விடுமுறையாயிருந்த சமயத்தில் வெளியான சித்திரப் படம். டைரக்டர் கிம் சோங்-கிக்கு அப்போது வயது முப்பத்தைந்து. பணம் போட்டுப் படத்தைத் தயாரித்தவர் யார் தெரியுமா? யூ ஹியோன்-மோக். யுத்தத்துக்குப் பிறகு சியோல் நகரத்தில் ஓர் ஏழைக் குடும்பம் படும் பாட்டை 'இலக்கில்லாத தோட்டா' என்று 1961-ல் படமாக்கி, அந்த நாட்டின் மிகச் சிறந்த டைரக்டர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியவர். கண்ணீரும் கம்பலையுமாகப் படம் எடுத்த அந்தப் பெரிய மனிதர், குழந்தைகள் பார்க்கும் யந்திர மனிதன் படத்துக்குக் கைகொடுத்தார் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிம் என்ற விஞ்ஞானி ஒரு மகா பெரிய யந்திர மனிதனைச் செய்கிறார். அவர் பிள்ளை ஹூன், டேக்வாண்டோ வீரன். கையை விடக் காலுக்கு அதிக வேலை கொடுக்கும் சண்டை வித்தை அது. பகைவர்கள் கையில் தந்தை மாண்டுபோக, மகன் அந்த யந்திரத்துக்குள் ஏறுகிறான். அவன் உதைத்தால் யந்திரமும் உதைக்கும். அவன் சுழன்றால் அதுவும் சுழலும். எதிரிப் படைக்குப் பெயரிலேயே சிவப்பு நிறம் பூசியிருக்கிறார்கள். வடக்கே கம்யூனிஸ்ட் கொரியா, தெற்கே ராணுவ ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயின் ஆட்சி என்றிருந்த காலம் அல்லவா? குழந்தைகள் படத்தில்கூட அரசியல் எட்டிப் பார்த்துவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

வேடிக்கைக்கும் பஞ்சமில்லை. பெரிய யந்திரத்தைப் பார்த்துத் தானும் ஒரு யந்திர மனிதனாகிவிட ஆசைப்படும் ஒரு பொடியன் வருகிறான். என்ன செய்கிறான் தெரியுமா? உடம்புக்குத் தகரத்தை மாட்டிக்கொண்டு, தலைக்கு வெந்நீர்க் கெட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறான்! நம் வீட்டு இட்லிக் கொப்பரைக்கும் பால் செம்புக்கும் குழந்தைகளால் நேரும் கதியை அறிந்த தாய்மார்களுக்கு இவனைப் பார்த்ததும் சிரிப்பு வராமல் இராது. கொரியாவில் கதாநாயகனைவிட இந்தத் தகரத் தலையனிடம் பிரியம் வைத்தவர்கள் அநேகம் பேர்.

சரி, இனி வழக்குக்கு வருவோம். இந்தப் படத்தின் பேரில் ஒரு பெரிய குற்றச்சாட்டு உண்டு. ஜப்பானியச் சித்திரக்காரர் கோ நாகாய் 1972-ல் படைத்த 'மாஸிங்கர் இஸட்' என்னும் யந்திர மனிதனைப் பார்த்துக் காப்பியடித்தது என்பதுதான் அது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்பில் அதே இடத்தில் சிவப்புத் தகடு. அதே பருத்த தோள், அதே கறுப்பும் வெள்ளையும். சின்னம்மா பெண்ணும் பெரியம்மா பெண்ணும் மாதிரி இருக்கிறது. இல்லவே இல்லை என்று சாதிப்பவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. கிம் சோங்-கியே மாஸிங்கரைப் பார்த்துத்தான் தமக்கு இந்த எண்ணம் தோன்றியதென்று மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அது எப்படித் தோன்றியது என்று பார்க்க வேண்டும். 1910 முதல் 1945 வரையில் கொரியாவை ஜப்பான் ஆண்டது. கொரியக் குழந்தைகளின் வாயிலிருந்து கொரிய மொழியையே பிடுங்கப் பார்த்த ஆட்சி அது. அந்த ஆத்திரத்தில், ஜப்பானிய சினிமாப் படங்களைத் தென்கொரியத் தியேட்டர்களில் பகிரங்கமாகக் காட்ட 1998 வரையில் அநுமதியே கிடையாது. ஆனால் வாசல் கதவைச் சாத்தினால் கொல்லைக் கதவு இருக்கிறதே! 1975-ல் மாஸிங்கர் டெலிவிஷன் வழியாக உள்ளே வந்துவிட்டான். கதாநாயகனுக்குக் கொரியப் பெயர் சூட்டி, கொரிய மொழியில் பேச வைத்துக் காட்டினார்கள். குழந்தைகளுக்கு என்ன தெரியும்? நம்ம ஊர் வீரன்தான் என்று நம்பி உருகினார்கள். இதைக் கண்டு கிம்முக்கு மனசு கேட்கவில்லை. குழந்தைகள் ஆசை வைப்பதற்கு உண்மையிலேயே ஒரு சொந்த வீரன் வேண்டாமா என்று புறப்பட்டார்.

அந்த வீரனின் தலைக்கு என்ன வைப்பது? சியோல் நகரின் நடுவே குவாங்வாமுன் என்னும் இடத்தில் 1968-ல் நிறுவிய சிலை ஒன்று நிற்கிறது. யி சுன்-சின் என்ற கடற்படைத் தளபதி. 1592-ல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது, ஆமை போல் முதுகு மூடிய கப்பல்களைக் கொண்டுபோய் அவர்களைச் சின்னாபின்னமாக்கியவர். அவருடைய தலைக்கவசத்தைப் பார்த்து யந்திர மனிதனின் தலையை வரைந்தார் கிம். உடம்பு ஜப்பான் ஜாடை. தலையோ ஜப்பானை ஓட ஓட விரட்டியவருடையது! இதை நினைத்து நினைத்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். சிரித்து முடித்த பிறகு மனசு கொஞ்சம் கனத்தும் போகும்.

இனிமேல்தான் முக்கியமான சமாசாரம். மாஸிங்கர் எப்படிச் சண்டை போடுவான்? கண்ணிலிருந்து கதிர் வீசுவான். முஷ்டியைக் கழற்றிப் பறக்கவிடுவான். கிம்மின் வீரனிடமும் இப்படிச் சில ஆயுதங்கள் உண்டுதான். ஆனால் நெருக்கடி வந்துவிட்டால் அவன் இரண்டு அடி பின்வாங்கி நின்று, இடுப்பைத் திருப்பி, காலைத் தூக்கி ஒரே உதை! இந்த உதைக்காக, நிஜமான டேக்வாண்டோ வீரர் ஒருவரை உதைக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பிறகு அந்தப் பிலிமின் ஒவ்வொரு பிம்பத்தின் மேலும் காகிதத்தை வைத்துக் கோடு கோடாக வரைந்தார்கள். ஒரு விநாடி உதைக்கு எத்தனை காகிதம், எத்தனை பென்ஸில், எத்தனை கண்வலி என்று எண்ணிப் பாருங்கள்! கைச்செலவுக்கே திண்டாடிய கம்பெனி, மற்ற இடத்திலெல்லாம் சிக்கனம் பிடித்து, இந்த ஓர் இடத்தில் மட்டும் தாராளம் காட்டியது. வாசலில் பழைய விரிப்பையே போட்டுவிட்டு, பூஜை அறையில் மட்டும் புதுக் குத்துவிளக்கு ஏற்றுகிற குடும்பம் உண்டல்லவா? அந்த மாதிரி.

விளைவு படத்தில் தெரிகிறது. நடக்கும்போது தடுமாறுகிற அதே யந்திரம் உதைக்கும்போது மட்டும் உயிர் பெற்றுவிடுகிறது. கனம், வேகம், மூச்சு எல்லாம் வந்துவிடுகின்றன. படத்தின் நியாயம் முழுவதும் அந்தக் காலில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதில் இன்னொரு ரசமும் உண்டு. டேக்வாண்டோ ஆதியிலிருந்தே சுத்தமான கொரியச் சரக்குதானா என்று சரித்திரக்காரர்களைக் கேளுங்கள். ஜப்பான் ஆட்சியில் கராத்தே பழகியவர்களில் பலர், யுத்தம் முடிந்தபின் சியோலில் பயிற்சிக் கூடங்கள் வைத்தார்கள். அந்த வித்தைக்கு டேக்வாண்டோ என்ற பெயரே 1955-ல்தான் வந்தது. ஆனால் போகப்போக அவர்கள் கையைச் சுருக்கிக் காலை நீட்டினார்கள். எட்டி உதைப்பது, சுழன்று உதைப்பது, பறந்து உதைப்பது என்று வளர்த்து, கராத்தேக்காரர்களே அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் பந்தயங்களில் அது பதக்கத்துக்குரிய ஆட்டமாகவே ஏறிவிட்டது. யந்திர மனிதனின் கதையும் அந்த வித்தையின் கதையும் ஒரே வழியில்தான் போயிருக்கின்றன. சட்டையை எங்கே வாங்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும். உதை மட்டும் அவர்களுடையது.

உதையைப் பற்றியே பேசுகிறேனே என்று பெண்கள் அலுத்துக்கொள்ள வேண்டாம். என்னை இந்தப் படத்தில் பிடித்து நிறுத்தியவள் மேரி என்ற பெண். அவள் பெண்ணே அல்ல, அதுதான் விசேஷம். டாக்டர் காஃப் என்ற விஞ்ஞானி குள்ளமானவர், தலை பெரியவர். விஞ்ஞானிகள் கூடிய மகாநாட்டில் அவர் பேச எழுந்தபோது, பேச்சைக் கேட்பதற்குப் பதிலாக உருவத்தைப் பார்த்துக் கெக்கலி கொட்டிச் சிரித்துவிடுகிறார்கள். அன்றைக்கு உலகத்தின் மேலேயே வெறுப்புக் கொண்டவர்தான் பின்னால் இத்தனை நாசத்துக்கும் காரணமாகிறார். அவர் மகள் என்று சொல்லப்படுகிற மேரி, அவரே செய்த பொம்மை. யந்திர மனிதனின் வரைபடத்தைத் திருடிவரச் சொல்லி அவளை அனுப்புகிறார். வந்த இடத்தில் ஹூனையும் மற்றவர்களையும் பார்க்கிறாள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் பிரியத்தைப் பார்க்கிறாள். தனக்கும் அப்படி ஒரு மனசு வேண்டும் என்று ஏங்குகிறாள்.

என் பேரனுக்கு எட்டு வயது. சண்டைக் காட்சிகளில் சோபாவின் மேல் ஏறி நின்று ஒரே ஆர்ப்பாட்டம். மேரி வந்த இடங்களில் மட்டும் பேசாமல் உட்கார்ந்துவிட்டான். "பாட்டி, அந்த டாக்டரைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காதே?" என்று கேட்டான். வாஸ்தவம். அவன் வகுப்பில் குள்ளமாக இருக்கும் பையன் ஒருவனைப் பற்றி அன்று ராத்திரி வெகுநேரம் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான். அதை இங்கே எழுதுவது முறையல்ல.

மேரியின் கதி என்ன ஆயிற்று என்று நான் சொல்லமாட்டேன். படத்தைத் தயாரித்தவர்கள் அவளை இன்னும் நன்றாகக் கவனித்திருக்கலாம். ஒரு நல்ல நாவலுக்குத் தாங்கும் பாத்திரத்தை நாலைந்து காட்சிகளில் முடித்துவிட்டு, மறுபடியும் வெடி, புகை, ஓட்டம் என்று போய்விடுகிறார்கள். என் வருத்தம் அது ஒன்றுதான்.

படம் அமோகமாக ஓடியது. அதே வருஷத்துக்குள் இரண்டாம் பாகம்; 1977-லும் 1978-லும் மேலும் மேலும் படங்கள். எல்லாம் நன்றாயிருந்தன என்று சொல்ல மாட்டேன். 1982-ல் வந்த படத்தில் தலை பழைய தலை. உடம்போ அப்போது ஜப்பான் டெலிவிஷனில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு யந்திர மனிதனுடையது! முதல் படத்துக்காக வாதாடிய வாயால் அதற்காக வாதாட எனக்கு இஷ்டமில்லை.

பெயர் இத்தனை பெரிதாக விளங்கியும், முதல் படத்தின் பிலிம் எங்கே என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. குழந்தைகள் படந்தானே என்று யாரும் பத்திரப்படுத்தவில்லை. படம் தொலைந்தே போயிற்று என்று எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். 2003-ல், கொரியத் திரைப்படக் கழகத்தின் கிடங்கில் ஒரு நகல் பிலிம் அகப்பட்டது. கீறலும் தூசியும் நிறம் மங்கலுமாக இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒவ்வொரு பிம்பமாகத் துடைத்துச் சீர்ப்படுத்தினார்கள். 2005-ல் பூசான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். 2007 ஜனவரி 18-ந் தேதி மறுபடியும் தியேட்டர்களுக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அரைக்கால் சட்டையுடன் பார்த்தவர்கள், இப்போது தங்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 7 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்களாம். தாயாகிவிட்ட ஒரு கோழியின் கதையைச் சொல்லும் 'லீஃபி' என்ற சித்திரப் படம் 2011-ல் வந்து 22 லட்சம் பேரை இழுக்கும் வரையில், கொரியச் சித்திரப் படங்களில் அதை மிஞ்சியது கிடையாது. கோழிப் படத்தையும் பாருங்கள். கைக்குட்டை ஒன்று தயாராக இருக்கட்டும்.

2006-ல் யந்திர மனிதனுக்கு முப்பது வயது நிரம்பியபோது, தென்கொரிய அரசாங்கத்தின் தொழில் இலாகா அதற்கு ஓர் அடையாளச் சீட்டே கொடுத்தது. அதைவிட 2018-ல் நடந்ததுதான் பெரிது. உரிமையாளர்கள் அநுமதி இல்லாமல் அந்த உருவத்தில் பொம்மை செய்து விற்றதாக ஒரு வியாபாரியின் பேரில் வழக்கு. வியாபாரி தரப்பில், அதுவே மாஸிங்கரின் காப்பிதானே, காப்பிக்கு ஏது உரிமை என்று வாதாடினார்கள். சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தோற்றத்தில் தெளிவான வித்தியாசம் இருக்கிறது, டேக்வாண்டோ வித்தையை அடிப்படையாகக் கொண்டது, ஆகையால் இது தனிப் படைப்புத்தான் என்று தீர்ப்பாயிற்று. நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு கோர்ட்டிலும் அந்தக் கால்தான் வந்து சாட்சி சொல்லியிருக்கிறது!

படத்தின் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கொரியர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். இசையமைத்தவர் சோய் சாங்-குவோன். பாடியவர் அவருடைய சொந்த மகன் சோய் ஹோ-சோப். அப்போது சிறு பையன். அந்தப் பையன் வளர்ந்து 1988-ல் காலம் கடந்துபோவதைப் பற்றிப் பாடிய ஒரு காதல் பாட்டும் கொரியாவில் பிரசித்தம். யந்திர மனிதனுக்காகக் கத்திய குரல்தானா இது என்று நம்பவே முடியாது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு ஆங்கிலப் பேச்சு ஒட்டி, 'வோல்ட்டார்' என்று வேறு பெயர் வைத்து விற்றார்கள். டேக்வாண்டோவின் பெயரையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் பாருங்கள்! அது வேண்டாம். சீர்ப்படுத்திய கொரியப் பிரதியையே, அடியில் எழுத்து ஓடும்படி வைத்துக்கொண்டு பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு நீங்கள்தான் எழுத்தை வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். படம் போடுவதற்கு முன் சமையலறைக் கெட்டிலை மட்டும் உயரமான அலமாரியில் வைத்துவிடுங்கள்.